கிந்தனும் நாற்பது வேலியும்

தாம்பரத்தில் ஒரு மாடியறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசுவதுண்டு. சென்ற முறை நண்பரொருவர், சினிமாக் காமெடி உயர்ந்த படைப்புகளைத் திருடி மலினப்படுத்திவிட்டது என்றார். அவர் காட்டிய உதாரணம் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்'. 'நல்லதம்பி' (1949) படத்தில் வரும் அந்தக் காலட்சேபம் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைக் கேலிக்கூத்தாக்கியதாம்.

எது உயர்ந்தது என்பதை முதலில் பார்க்கலாம். பாரதியின் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வெகுவாகத் தயங்கினார். இலக்கண வழு இருந்தது. பெரியபுராணத்திலிருந்து விலகலும் இருந்தது. நாற்பது வேலி வேலையை முடித்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று நந்தனை மடக்கும் வேதியர் சேக்கிழாரிடம் கிடையாது. வித்வான் முகம் சுளித்த அந்தச் சரக்குதான் மேடையேறி, சினிமாவாகி, இன்று நண்பருக்குக் கிளாசிக்.

பக்தியைச் சற்று விலக்கிப் பார்த்தால் நந்தன் கதை அசலான டிராஜெடி. கோயிலுக்குள் நுழைய ஒரு சேரிக்காரன் தன் உடம்பையே நெருப்புக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கிருஷ்ணன் தில்லை இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். நெருப்பு இருந்த இடத்தில், எல்லாச் சாதியையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் ரயிலை வைத்தார். கிந்தன் சாகவில்லை. படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். மூலத்தை ஊன்றிப் படித்தவனால்தான் இப்படி மாற்ற முடியும். இதற்குப் பெயர் விமர்சனம். சினிமாக் கோமாளி செய்ததால் நமக்கு அது விமர்சனமாகப் படவில்லை. தாம்பரத்துக்கு 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நண்பரும் அதில்தான் வந்தார். பக்கத்து ஸீட்காரரின் சாதி என்னவென்று விசாரித்துவிட்டா உட்கார்ந்தார்?

கிந்தனாரிடம் எனக்கும் ஒரு புகார் உண்டு. அந்த நாற்பது வேலி என்ன ஆயிற்று? ரயிலேறிய கிந்தன் தப்பித்தான். நிலம் ஆண்டை கையிலேயே இருந்தது. படம் வந்த பத்தொன்பதாம் வருஷம், 1968 டிசம்பர் 25 அன்று, அதே தஞ்சை மண்ணில், கீழ்வெண்மணியில், ஊரிலேயே நின்று கூலி உயர்வு கேட்டவர்களின் மீது நெருப்பு திரும்பி வந்தது. ஒரு குடிசைக்குள் 44 பேர் வெந்தார்கள். இதற்கு முக்தி என்று பெயர் சூட்ட எந்தப் பாகவதரும் வரவில்லை.

கிருஷ்ணனைக் குறை சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: டிராஜெடியிலிருந்து திருடியவர், நிலத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.