பேப்பர் போட்ட பிறகு

கோவில்பட்டியில் அக்கா வீட்டு முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த மருமகன், "மாமா, பேப்பர் போட்டுட்டேன்" என்றான். அடுப்படியிலிருந்து அக்கா, "அதான் விடியக்காலையிலேயே வாசல்ல போட்டுட்டுப் போயிட்டானே" என்றாள்.

ஐ.டி. வேலையில் பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா. இவன் 2021இல் சேர்ந்தவன். லேப்டாப் கூரியரில் வந்தது. சென்னை ஆபீஸை நேரில் பார்த்தது இரண்டே தடவை. அப்படிப்பட்ட உறவை அறுத்துக்கொள்ளத்தான் தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட்.

இதில் நான் நல்லபிள்ளை வேஷம் போட முடியாது. இருபது வருடம் ஹெச்.ஆர். வேலை பார்த்தவன். முப்பது நாளாக இருந்த நோட்டீஸை அறுபதாக்கி, பிறகு தொண்ணூறாக்கிய கைகளில் என் கையும் உண்டு. கேடி கொடுக்க, அதாவது வேலையை அடுத்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க, நேரம் வேண்டும் என்று காரணம் சொன்னோம். அது இரண்டு வாரத்தில் முடிகிற சங்கதி என்று எங்களுக்கும் தெரியும். போட்டிக் கம்பெனி மூன்று மாதம் காத்திருக்காது, ஆள் நம்மிடமே கிடப்பான் என்பதுதான் உள்கணக்கு.

எல்லாக் கம்பெனியும் அதே கணக்கைப் போட்டதுதான் வினையாகிவிட்டது. ஒருவன் போனால் அந்த இடத்துக்கு வருகிறவனும் வேறொரு இடத்தில் தொண்ணூறு நாள் கட்டுண்டு கிடப்பவன். எனவே வேலை விளம்பரத்தில் 'இம்மீடியட் ஜாய்னர் மட்டும்' என்று போடுகிறோம். நம் ஆளை மூன்று மாதம் பிடித்து வைப்போம், அடுத்தவன் ஆள் மட்டும் நாளைக்கே வரவேண்டும். வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படி.

பிள்ளைகள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பேப்பர் போட்ட அன்று கையில் ஒரு ஆஃபர். அறுபதாம் நாள் அதே ஆள் சந்தையில் அபூர்வச் சரக்கு, ஒரே மாதத்தில் சேரக்கூடியவர்! அந்த ஆஃபரைக் காட்டி இரண்டாவது, இரண்டாவதைக் காட்டி மூன்றாவது. முதலில் ஆஃபர் கொடுத்தவர்கள் சேரும் நாளன்று லேப்டாப்பைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். போன் சுவிட்ச் ஆஃப். என் சர்வீஸில் ஒரே பையனுடைய பாட்டி இரண்டு முறை காலமானார். மூன்றாவது கம்பெனி ஹெச்.ஆரிடமும் விசாரித்தேன், அங்கேயும் பாட்டிதான்.

இந்த ஆட்டம் உச்சத்தில் இருந்தது 2022இல். அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்கு இன்ஃபோசிஸ் வெளியிட்ட ஊழியர் விலகல் விகிதம் 28.4 சதவீதம், டி.சி.எஸ்ஸில் 19.7. பையன்களுக்கு நாணயமில்லை என்று மேடைதோறும் புலம்பினோம். அதே 2022இல் கல்லூரி முடித்து, ஆஃபர் கடிதத்தோடு சேரும் தேதிக்காக இரண்டு வருடம் வரை காத்திருந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் என்ன நோட்டீஸ் கொடுத்தோம்?

சட்டத்தில் இவ்வளவு இறுக்கம் கிடையாது. 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து உழைத்தவரை நீக்க நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் வேண்டும். நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தாலும் போதும். வேலை செய்ய மாட்டேன் என்கிற ஆளை இழுத்து வந்து உட்கார வைக்க எந்தக் கோர்ட்டும் உத்தரவிடாது. ஆனால் எங்களிடம் ஒரு பூட்டு இருந்தது, ரிலீவிங் லெட்டர். அது இல்லாமல் அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் செக்கைத் தாண்டுவது கஷ்டம். கடைசிக் கணக்கைத் தீர்க்கவும் ஒன்றரை மாதம் இழுத்தடிப்போம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலைநாளில் சம்பளப் பாக்கியைக் கொடுக்கச் சொல்கிறது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்ததால் தைரியமாக வரவேற்கிறேன்.

மருமகனுக்கு எண்பத்தேழாம் நாள் நடக்கும்போது மறுபடி போயிருந்தேன். கேடி முடிந்து பத்து வாரமாம். காலையில் லாகின் செய்துவிட்டு அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறான். லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டி ரெடியாக இருந்தது.

"எந்தக் கம்பெனிடா சேரப் போறே?" என்றேன்.

"மூணு இருக்கு மாமா. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் முடிவு பண்ணணும்."

"மத்த ரெண்டு பேருக்கும் என்ன சொல்வே?"

அவன் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே எங்கள் அம்மா, எண்பத்திரண்டு வயசு, டிவி சீரியலில் மூழ்கியிருந்தாள்.