ஆறில் ஒன்றைத் தூக்கி எறிகிறோம்

போடிநாயக்கனூரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பம் டிவிடி ஒன்றைக் கொண்டுவந்தது. வேறொருவர் எடுத்து, அவரே போட்டுக்கொடுத்த வட்டு. ஏலத்தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்த தாத்தா, வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மண்டபத்துப் படியேறி வருகிறார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. அந்த வீட்டில் அவர் நடக்கும் காட்சி அது ஒன்றுதான். டிவியில் அவர் நடக்கவில்லை. துள்ளித் துள்ளி நகர்கிறார். “அவுக இப்படி நடக்க மாட்டாக” என்றார் அப்பத்தா.

படம் எடுத்தவரிடம் கேட்டபோது கிடைத்த பதில்: “டிவிடின்னாலே அப்படித்தான்ணே துள்ளும். நான் முப்பது ஃபிரேம்ல எடுத்திருக்கேன். இருபத்தஞ்சைவிட அது குவாலிட்டி.”

இந்தப் பதிலின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தவறு. ஆனால் தேனி மாவட்டம் முழுக்க, ஏன் தமிழ்நாடு முழுக்க, ஸ்டூடியோக்காரர்களும் வாடிக்கையாளர்களும் இதைத்தான் நம்புகிறார்கள். ஃபிரேம் கூடினால் தரம் கூடும்; எதில் எடுத்தாலும் கடைசியில் எக்ஸ்போர்ட்டில் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்; அதையும் மீறித் துள்ளினால் குற்றம் வட்டின் தலையில். இந்த நம்பிக்கையை உடைக்கவே இதை எழுதுகிறேன்.

பெரிய எண்ணை நம்புவது எங்கள் ஊரில் இயல்பு. ஏலக்காயைச் சல்லடையில் போட்டு மில்லிமீட்டர் கணக்கில் தரம் பிரிக்கும் ஊர் இது. ஏழு மில்லியைவிட எட்டு மில்லிக் காய்க்கு விலை அதிகம். அந்தக் கணக்கு காய்க்குச் சரி, ஃபிரேமுக்குச் சரிவராது. ஃபிரேம் எண் படத்தின் பருமனைச் சொல்வதில்லை. ஒரு விநாடியை எத்தனை கூறாக வெட்டினோம் என்பதைத்தான் சொல்கிறது. எடுக்கும்போது வெட்டிய கூறும் காட்டும்போது வைக்கும் கூறும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எந்தக் கேமராவும் காப்பாற்றாது.

நம் நாட்டு டிவிடி பால் (PAL) முறையைச் சேர்ந்தது: 720க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு ஃபீல்டாக, அதாவது பாதிப் படங்களாகப் பிரிந்து 50 ஆகிறது. 1982இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதும் இந்த முறையில்தான். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறைக்கு 720க்கு 480 புள்ளிகள், விநாடிக்கு 29.97 ஃபிரேம். கேமரா மெனுவில் அந்த முறை தேர்வாகியிருந்தால் 25 என்ற எண்ணே பட்டியலில் தெரியாது. 30, 60 போன்ற எண்கள்தான் தெரியும். பெரிய எண்தானே என்று அப்படியே எடுத்துவிடுகிறோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முப்பதை இருபத்தைந்தாக்க, ஆறு ஃபிரேமுக்கு ஒன்றை சாஃப்ட்வேர் தூக்கி எறிகிறது. விநாடிக்கு ஐந்து முறை அசைவில் பள்ளம் விழுகிறது. அசையாமல் நிற்கும் குத்துவிளக்கில் அது தெரியாது. போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போது கேமராவையும் கூடவே திருப்பி எடுத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் மரங்கள் வெட்டி வெட்டி இழுக்கும். தூக்கி எறியாமல் கலந்துவிடச் சொன்னால், தாலி கட்டும் கைக்குப் பக்கத்தில் பேய்போல இன்னொரு கை தெரியும். இல்லாத ஃபிரேமைக் கணினியே வரைந்துகொள்ளும் வசதியும் உண்டு. கூட்டத்தில் விரல்களும் மாலையும் குறுக்கே வரும் இடத்தில் அந்தப் படம் குழைந்துபோகும்.

“அப்படியென்றால் அறுபதில் எடுத்தால்?” என்பார்கள். அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் 2.4. எனவே ஒரு ஃபிரேம் விட்டு ஒன்று, இரண்டு விட்டு ஒன்று என்று மாறி மாறித்தான் எடுக்க முடியும். நடை நொண்டும். ஐம்பதில் எடுத்திருந்தால் ஒன்று விட்டு ஒன்று, சுத்தமாக இறங்கும். ஐம்பதையும் ஃபீல்டுகளாகவே வட்டில் ஏற்றினால் அசைவு இன்னும் வழுவழுப்பாக இருக்கும். இந்த வேலைக்கு அறுபதைவிட ஐம்பது மேல்.

இன்னொரு உண்மை கல்யாண மண்டபத்துக் கூரையிலேயே இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. ஷட்டர் 1/50இல் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். வெளிச்சம் சீராக இருக்கும். முப்பது ஃபிரேமோடு வழக்கமாகச் சேரும் 1/60இல் அந்தக் கணக்கு உடைந்து, படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். அதற்கும் கேமரா மட்டம் என்று பழி போடுகிறோம்.

தரம் ஃபிரேம் எண்ணில் இருந்தால் சினிமாவை என்ன சொல்வது? இந்த மலையில் ஏலக்காய் மூட்டை சுமப்பவர்களின் வாழ்க்கையைச் சொன்ன ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் வந்தது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் அந்தச் சரிவுகளைத் திரையரங்கில் பார்த்து வாயடைத்துப் போனோம். திரையரங்கின் வழக்கமான வேகம் விநாடிக்கு 24 தான். 2012இல் பீட்டர் ஜாக்சன் ‘ஹாபிட்’ படத்தை 48இல் எடுத்துக் காட்டியபோது, டிவி நாடகம்போல இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம்.

அந்த 24ஐ டிவிடிக்காக 25 ஆக்குவதிலும் விலை உண்டு. அப்படியே வேகமாக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால், அரைக் கட்டையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு அளவுக்கு அது ஏறிவிடும். பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டை மூலச் சுருதியில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உறுத்தும்.

“டிவிடி காலமே போய்விட்டதே, பென் டிரைவும் யூடியூபும் இருக்க இந்தப் பேச்சு எதற்கு?” என்று கேட்கலாம். பல வீடுகளில் அப்பத்தாவுக்கு இயக்கத் தெரிந்த ஒரே கருவி அந்தப் பழைய பிளேயர்தான். பென் டிரைவில் கொடுத்தாலும், 25 டைம்லைனில் 30ஐக் கலந்தால் அதே பள்ளம் விழத்தான் செய்யும். அறுபதை நான் ஒதுக்கவும் சொல்லவில்லை. ஒரு ஃபிரேமும் விடாமல் 25 வேகத்தில் ஓடவிட்டால் அழகான ஸ்லோமோஷன் கிடைக்கும். ஒரு விநாடி 2.4 விநாடியாக விரியும். அது அதற்கான வேலை.

துள்ளும் வட்டு கையில் இருந்தால் முதலில் வட்டைச் சந்தேகிக்காதீர்கள். மூல ஃபைலை மீடியாஇன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் திறந்து ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். போனில் எடுத்ததென்றால் எண் மாறிக்கொண்டே இருக்கலாம், ஏனென்றால் வெளிச்சம் குறைந்தால் போன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உதடும் குரலும் விலகுவது பெரும்பாலும் அதனால்தான். அதை ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரில் நிலையான எண்ணுக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் வையுங்கள். ஃபிரேம் எண் சரியாக இருந்தும் அசைவு நடுங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுவதையும் எழுதும் முன், கேமரா திரும்பும் காட்சி இரண்டு நிமிடத்தை மட்டும் வட்டில் ஏற்றிப் பழைய டிவியில் ஓட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் வைத்தியம்தான். நோயே வராமல் தடுக்க, முகூர்த்தத்துக்கு முன்னால் மெனுவில் பால் முறைக்கு மாற்றி, எல்லாக் கேமராவிலும் 25 அல்லது 50 வைத்தால் போதும். ஒரு நிமிட வேலை.

அந்தத் தாத்தாவின் மூல ஃபைல் நல்லவேளையாகக் குடும்பத்திடம் இருந்தது. படியேறும் ஐந்து விநாடியை, ஒரு ஃபிரேமும் எறியாமல் 25 வேகத்தில் ஆறு விநாடியாக விரித்து, அடியில் நாதஸ்வரத்தை ஓடவிட்டேன். நடை கொஞ்சம் மெதுவானது. ஒரு அடியும் தொலையவில்லை. அப்பத்தா மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அடுத்த காட்சியில் தாத்தா பேரனை வாழ்த்திப் பேசுகிறார். பேச்சை அப்படி இழுக்க முடியாது. அது இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது.