சந்தியில் அணையும் வண்டி

வீதியில் ஒழுங்காக ஓடிவந்து, சந்தியில் நிறுத்தியதும் குலுங்கி அணைந்துவிடும் மோட்டார் சைக்கிளைப் போலச் சினமூட்டும் பொருள் வேறில்லை. சினம் மட்டுமன்று, பின்னால் லொறி வரும் வேளையில் அணைந்தால் உயிருக்கே ஆபத்து.

காபுரேட்டர் பூட்டிய வண்டிகளின் நோயைப் பலரும் அறிவர். பெற்றோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் பூட்டிய பழைய வண்டிகளின் நோயோ சற்று வேறுபட்டது. 1983ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. கே-100 வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் நான்கு சிலிண்டர்களுக்கும் செல்லும் காற்று, வழியிலுள்ள ஒரு மடலைத் தள்ளிக்கொண்டு போகிறது. மடல் அசைந்த அளவைக் கொண்டே மின்னணுப் பெட்டி பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கிறது.

மடலைத் தாண்டிய பின்னர், ஒரு வெடிப்பின் வழியே காற்றுப் புகுந்தால் என்னவாகும்? அக்காற்று கணக்கில் சேராது. காற்றுக்கு ஏற்ற பெற்றோல் கிடையாது. வேகமாக ஓடும்போது, பெருங்காற்றின் நடுவே இக்கள்ளக் காற்று தெரிவதில்லை. வண்டி நின்று, இயந்திரம் மெதுவாக ஓடும்போதுதான் அதன் குணம் வெளிப்படும்.

ஆகவே முதலில் இறப்பரைப் பாருங்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாய்கள், இயந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து ஆவியைக் கொண்டுவரும் குழாய், சிறு மூடிகள் ஆகிய யாவும் வயதேற ஏற வெடிப்பன. மடிப்புக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கும். வளைத்துப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் ஓடுகையில், மின்கம்பிகளில் படாமல், மூட்டுகளின்மேல் சிறிது நீர் தெளியுங்கள். ஓட்டம் மாறினால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். பெற்றோல் தெளித்துச் சோதிப்பாரும் உளர். சூடான இயந்திரத்தில் அது தீயை அழைப்பதாகும்.

இறப்பர் நலமாயின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை. தாங்கிக்குள் இருக்கும் வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; பம்ப் தளர்ந்திருக்கலாம். பெற்றோலின் அமுக்கம் ஏறக்குறைய 2.5 பார் இருத்தல் வேண்டும். இதனை அளக்கும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நன்று.

பிளக் கரிபிடித்திருந்தால் பெற்றோல் மிகுதி. குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைப் பெட்டிக்கு அறிவிக்கும் உணரியை அப்போது சந்தேகிக்கலாம். அதன் மின்தடை 20 பாகை செல்சியஸில் சுமார் 2,500 ஓம். 80 பாகையில் சுமார் 300 ஓம். சூடேறியும் தடை குறையாவிடில், இயந்திரம் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே பெட்டி எண்ணி, பெற்றோலை வாரியிறைக்கும். பற்றரி முனைகளையும், சட்டத்தில் பூட்டிய கம்பியையும் துடைத்து இறுக்குவதற்குக் காசு செலவில்லை, அதையும் மறவாதீர்.

இவற்றைப் பாராமல், ஓட்டத்தைக் கூட்டும் திருகாணியைத் திருகிவிடுவது பலரின் வழக்கம். அதனால் வண்டி அணையாது, நோயும் தீராது. இன்னுஞ் சிலர் எடுத்த எடுப்பிலேயே மின்னணுப் பெட்டியைப் பழி கூறி, பெருந்தொகை கொடுத்து வேறொன்று வாங்குவர். பெட்டியோ தனக்குக் கிடைத்த செய்தியின்படியே கணக்குப் பார்க்கிறது. பொய்ச் செய்தி எங்கிருந்து போகிறது என்று முதலில் தேடுங்கள். ஒரு துண்டு இறப்பரோடு காரியம் முடிந்துவிடவும் கூடும்.