பிள்ளைகள் காப்பகமும் ஊரார் பொறுப்பும்

மூணாறு, பீர்மேடு, உடும்பன்சோலை மலைகளில் பொழுது புலர்ந்ததும் தாய்மார்கள் தேயிலைக் காட்டுக்கும் ஏலக்காட்டுக்கும் புறப்பட்டு விடுகின்றனர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகளில் வந்து திரும்பும் பெண்களும் பலர். பாலக்காட்டு நெல்லியாம்பதித் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்களின் நிலை இதுவே. அந்தி சாயும் வரை இவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது யார்?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலும், பெண் தொழிலாளரின் குழந்தைகள் 20 பேர் உள்ள தோட்டத்திலும் நிர்வாகமே காப்பகம் நடத்த வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் 2020இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டமும் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் காப்பகத்துக்கு வகை செய்கிறது. ஆனால் பத்துப் பேரையோ பதினைந்து பேரையோ வைத்து நடக்கும் சிறு ஏலத்தோட்டங்களை இந்தக் கணக்கு எட்டுவதில்லை. அங்குள்ள குழந்தைகளுக்கு 1975 அக்டோபர் 2ஆம் நாள் நாட்டில் தொடங்கப்பட்ட அங்கன்வாடித் திட்டமே துணை.

கட்டடமும், கஞ்சியும், ஒரு டீச்சரும், ஓர் ஆயாவும் இருந்தால் அங்கன்வாடி நடந்துவிடும். ஆனால் அது ஊருக்குச் சொந்தமாகி விடாது. பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு ஓடும் தாய்க்கும், மலையாளம் மட்டுமே பேசும் டீச்சருக்கும் இடையே நாலு வார்த்தைப் பேச்சுக்கு வழியில்லை என்றால், அது "சர்க்கார் இடம்" என்ற எண்ணம்தான் வளரும். மூன்று வயதுக் குழந்தை தண்ணீர் கேட்பது புரியாமல் போனால், மறுநாள் அது வர மறுத்து அழும். பிறகு மூத்த பெண்பிள்ளை பள்ளியை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள உட்கார வேண்டியதுதான்.

அங்கன்வாடி என்ற பெயரிலேயே இதற்கு விடை இருக்கிறது. அங்கன் என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற ஊரில் 1945இல் தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் சிறுவர் பள்ளி தொடங்கினர். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அம்மையார்கள் அவர்களைக் குறை கூறவில்லை. பள்ளியையே அவர்களுடைய குடியிருப்பு முற்றத்துக்குக் கொண்டு சென்றனர். தாய்மார்கள் கண்ணெதிரே பாடம் நடந்தது. அருகில் கிடைத்த பொருள்களே விளையாட்டுச் சாமான்களாயின. பிள்ளைகள் வந்தார்கள். ஊராரை அழைக்கும் முன் ஊராரிடம் செல்ல வேண்டும் என்பதே இதன் பாடம்.

அந்தப் பாடம் லயங்களுக்கும் பொருந்தும். டீச்சர் மாதம் ஒரு முறையேனும் ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குச் சென்று தாய்மார்களைச் சந்திக்கலாம். கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டிமார்களை வாரம் ஒரு நாள் அழைத்துத் தாலாட்டும் கதையும் சொல்லச் செய்யலாம். செலவில்லாத காரியங்கள் இவை. அங்கன்வாடி நேரத்துக்கும் தோட்ட வேலை நேரத்துக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப நிர்வாகமும் பஞ்சாயத்தும் கலந்து பேச வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்ற அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு, மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட அதே 1956இல்தான் வந்தது. ஆறு வயதில் தாய்மொழி வேண்டுமென்றால் மூன்று வயதில் வேண்டாமா? தமிழ்க் குடும்பங்கள் மிகுந்த இடங்களில் தமிழறிந்த டீச்சரையோ ஆயாவையோ அமர்த்துவது சலுகையன்று, தேவை.

தமிழர் பக்கமும் கடமை உண்டு. கேரளத்தில் அங்கன்வாடிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பில் உள்ளன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிராமசபை கூடியாக வேண்டும். ஒரு நாள் கூலி போகுமே என்று அதற்குப் போகாமல் இருந்துவிட்டு, கூரை ஒழுகுகிறது என்று லயத்தில் முணுமுணுப்பதில் பயனில்லை. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969 முதல் இடமளிக்கிறது. ஒலவக்கோட்டிலும் மூணாற்றிலும் உள்ள தமிழ்க் குமாஸ்தாக்கள் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினால் பல தாய்மார்களின் மனு உரிய இடம் போய்ச் சேரும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தோட்டங்களுக்கு வருவோரின் குழந்தைகள், பாஷை தெரியாமல் அதே வாசலில் நின்று அழுகின்றன. ஒரு காலத்தில் அப்படி நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் அவர்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லட்டும். அன்றுதான் அங்கன்வாடி ஊரின் முற்றமாகும்.