கோட்டின் பளபளப்பில் ஏமாறாதீர்கள்!



ஊட்டி, கொடைக்கானல் என்று போய் வந்துகொண்டிருந்த நாம், இப்போது பனியில் சறுக்கி விளையாட வேண்டும் என்ற ஆசையில் மணாலி வரை போகிறோம். ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால், அங்கே என்ன உடுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறோமா? நான் பட்டதை எழுதுகிறேன். மற்ற சகோதரிகளாவது தப்பித்துக் கொள்ளட்டும்.

2023 பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு மணாலி போனோம். பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஒரே பிடிவாதம். கோவையில் ஒரு பெரிய கடையில் அவளுக்கு 4,500 ரூபாயில் சிவப்புக் கோட்டு வாங்கினோம். தொப்பியைச் சுற்றி ரோமமெல்லாம் வைத்திருந்தது. 'போட்டோவுல பளிச்சுன்னு இருக்கும்க்கா' என்றாள் விற்பனைப் பெண். அவருக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு கோட்டு. 'உனக்கு?' என்று அவர் கேட்டார். 'எனக்கெதுக்குங்க, நான் ஓரமா நின்னு வேடிக்கை பார்த்துக்கறேன்' என்று சொல்லிவிட்டேன். உள்ளே போட எல்லோருக்கும் நம்ம திருப்பூர் பனியன். எனக்கு காட்டன் சுடிதாரும் பழைய ஸ்வெட்டரும்.

சோலாங் போகிற வழியில், பனி உடுப்பு வாடகைக்கு விடும் ஒரு கடையில் டிரைவரே வண்டியை நிறுத்தினார். உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பும் ரப்பர் பூட்ஸும் ஆளுக்கு 300 ரூபாய். மகள், 'எனக்குத்தான் புதுக் கோட்டு இருக்கே' என்று ஜீன்ஸோடு கிளம்பிவிட்டாள். எனக்குக் கொடுத்த உடுப்பில் உள்பக்கம் ஒரே ஈரம். ஜிப்பும் பாதியில் நின்றது. மொழி தெரியாத இடம், பின்னால் கூட்டம். பேசாமல் போட்டுக்கொண்டேன்.

சறுக்குவது டி.வி.யில் பார்க்கிற மாதிரி இல்லை. புதிதாகக் கற்பவர்கள் நாலடி சறுக்குவார்கள், விழுவார்கள். மறுபடி கட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். அரைமணி நேரத்தில் மகளுக்கு வேர்த்துக் கொட்டியது. விழுந்து விழுந்து ஜீன்ஸும், கோட்டின் கையும் நனைந்துவிட்டன. அடுத்த முறைக்காகப் பத்து நிமிடம் சும்மா நின்றாள், அவ்வளவுதான். உதடு நீலம் பாய்ந்து, விரலை மடக்க முடியவில்லை. 'அம்மா, கை மரத்துப் போச்சு' என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

கற்றுக்கொடுத்தவர் ஓடி வந்து, உள்ளே என்ன போட்டிருக்கிறாள் என்று கேட்டார். நான் பெருமையாக, 'ப்யூர் காட்டன்' என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். உடனே டீக்கடை அடுப்புப் பக்கம் கூட்டிப்போய், தன் கையுறையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். சூடான டீ உள்ளே போன பிறகுதான் பெண் பேசினாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

அவர் இந்தியில் சொன்னதை என் கணவர் எனக்கு விளக்கினார். பருத்தி வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. ஈரத் துணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு எது சுகமோ, அதுவே பனியில் ஆபத்து!

ஊர் திரும்பியதும் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரே தடிமனான கோட்டு உதவாது. மூன்று அடுக்கு வேண்டும். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், காலுக்கும் சேர்த்து. அதற்கு மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். அதற்கும் மேலே தண்ணீர் புகாத கோட்டும் பேன்ட்டும். தண்ணீர் பட்டால் உருண்டோடும் துணி எல்லாம் தண்ணீர் புகாத துணி ஆகிவிடாது. நல்ல கோட்டுகளில் 10,000 மி.மீ. என்பது போல எண் போட்டிருக்கும். எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்பதற்கான அளவு அது. பனியில் விழுந்து புரள, இந்த அளவாவது இருந்தால் நல்லது. உள்பக்கம் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே கோட்டைப் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, குனிந்து பாருங்கள். முதுகு தெரியக் கூடாது.

காலுக்கு நீளமான கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, பாதம் இன்னும் சில்லிட்டுப் போகும். நாலு விரலும் ஒன்றாக இருக்கும் கையுறைதான் அதிகக் கதகதப்பு. கண்ணாடியும் அவசியம். சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை புதுப் பனி திருப்பி அடிக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான். வருடத்தில் இரண்டு நாள் போடும் கோட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள். கோட்டையும் பேன்ட்டையும் வாடகைக்கு எடுங்கள். ஆனால் உள்பக்கம் கைவிட்டு ஈரம் பாருங்கள், ஜிப்பை இழுத்துப் பாருங்கள், சரியில்லாவிட்டால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள். தெர்மல், சாக்ஸ், கையுறை மூன்றையும் சொந்தமாக வாங்குங்கள். சிவப்புக் கோட்டுக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகவே எனக்கும் மகளுக்கும் சேர்த்து இந்த மூன்றையும் வாங்கிவிட்டேன்.

இங்கிருந்து சுற்றுலா அழைத்துப் போகும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'கதகதப்பான உடை கொண்டு வரவும்' என்று ஒரு வரி எழுதினால் போதுமா? என்ன துணி, எத்தனை அடுக்கு என்று தமிழில் அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா?

கடைசியாக ஒன்று. மகளால் முடியாமல் போன மீதி நேரத்துக்கு, 'நீங்க வாங்கம்மா' என்று அந்தப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஈர உடுப்பில் நானே நடுங்கிக்கொண்டிருந்தேன். ஓரமாக நிற்பதற்கும் உடுப்பு வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கும் சகோதரிகளே, பட்டியலில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். 'எனக்கெதுக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள்!

- ஒரு வாசகி, பல்லடம்.