அழுத்தமானி காட்டுவது மொத்தக் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பு வேதிவினை வேகவியலில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம், வாயுவின் அழுத்தத்தை வைத்து வினைவேக மாறிலியைக் கண்டறியும் கணக்கு. சூத்திரம் மனப்பாடமாக இருக்கிறது. எந்த எண்ணை எங்கே போடுவது என்பதில்தான் கை தயங்குகிறது.

ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூடிய கலத்தில் 543 கெல்வின் வெப்பநிலையில் அசோஐசோபுரொப்பேன் ஆவி சிதைகிறது. ஒரு மூலக்கூறு உடைந்தால் நைட்ரஜன் ஒன்று, ஹெக்சேன் ஒன்று. தொடக்க அழுத்தம் 35 மி.மீ. பாதரசம். 360 வினாடியில் 54, 720 வினாடியில் 63.

கலத்தைத் திறந்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டியதில்லை. கன அளவும் வெப்பநிலையும் மாறாதவரை, வாயுவின் அழுத்தம் அதன் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆனால் அழுத்தமானிக்கு ஆள் அடையாளம் தெரியாது. அது காட்டும் 54, கலத்துக்குள் இருக்கும் மூன்று வாயுக்களும் சேர்ந்து தரும் மொத்தம்.

முதல் வகை வினையின் சூத்திரம், தொடக்க அழுத்தத்தைச் சிதையாமல் மிஞ்சிய வாயுவின் அழுத்தத்தால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, நேரத்தால் வகுக்கச் சொல்கிறது. மிஞ்சியதன் இடத்தில் அந்த 54-ஐ அப்படியே மடக்கைக்குள் போட்டால் விடை எதிர்க்குறியில் வரும். குறியை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்தாலும் தப்ப முடியாது. 360 வினாடிக்கு 0.0012 என்றும், 720 வினாடிக்கு 0.0008 என்றும் வரும். மாறிலி என்று பெயர் வைத்துவிட்டு அது மாறினால், பிழை நம் பக்கம்தான்.

கூடையில் 35 முழுத் தேங்காய்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை உடைத்தால் கண் உள்ள மூடி ஒன்று, கண் இல்லாத மூடி ஒன்று. ஒவ்வொரு உடைப்புக்கும் எண்ணிக்கை ஒன்று கூடும். இப்போது கூடையில் 54 உருப்படிகள் என்றால், உடைந்தவை 19; முழுசாக இருப்பவை 16. நமக்கு வேண்டியது அந்த 16.

35-ஐ 16-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 0.783. அதை 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு 0.00217. 720 வினாடியில் மிச்சம் 7, மாறிலி 0.00224. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வினை முதல் வகையைச் சேர்ந்தது என்பதற்கு இந்த ஒற்றுமையே சான்று. அரை வாழ்காலம் சுமார் 315 வினாடி. அழுத்தங்களின் விகிதம் மட்டுமே கணக்கில் வருவதால், மி.மீ.-க்குப் பதில் வேறு அலகில் அளந்திருந்தாலும் இதே விடைதான்.

‘தொடக்க அழுத்தத்தின் இருமடங்கிலிருந்து மொத்தத்தைக் கழி’ என்று மனப்பாடம் செய்வதில்தான் ஆபத்து. ஒன்று இரண்டாகும் வினைக்கே அது பொருந்தும். ஒன்று மூன்றானால் ஒவ்வொரு உடைப்புக்கும் இரண்டு கூடும். கழிக்கும் கணக்கும் மாறும். 1921-இல் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் நைட்ரஜன் பென்டாக்சைடின் சிதைவை ஆராய்ந்தபோது இன்னொரு சிக்கலும் இருந்தது. விளைந்த நைட்ரஜன் டைஆக்சைடு தனக்குள் இரண்டிரண்டாக இணைந்து மொத்த அழுத்தத்தைக் குறைத்தது. அதையும் கணக்கில் சேர்த்த பிறகே வினையின் வேகம் தெளிவானது.

ஆகவே பேனா எடுத்ததும் முதலில் சமன்பாட்டைச் சமன் செய்யுங்கள். அதன் கீழே ஒவ்வொரு வாயுவின் அழுத்தத்தையும் தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். வினை முடிந்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். நம் கணக்கில் அது 70. எழுபதை எட்ட இன்னும் எவ்வளவு பாக்கியோ, அவ்வளவே உடையாமல் மிஞ்சியிருக்கும் வாயு. மடக்கைக்குப் போக வேண்டிய எண் அதுதான்.