போட்டியும் பகையும்

போட்டி, பகை என்னும் இரு சொற்களையும் ஒரு பொருள் குறித்தனவாகக் கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையானது. போட்டியிடுவோன் தன் மாற்றான் களத்தில் நிற்றலை விரும்புகின்றான்; பகைகொண்டோனோ அவன் உலகிலேயே இல்லாதொழிதலை விரும்புகின்றான். முன்னது ஆற்றலை வளர்ப்பது. பின்னது அறிவை மழுக்குவது. எனினும், இவ்விரண்டும் அடுத்தடுத்த மனைகளில் வாழ்வன. ஆதலின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் மாந்தர் தம்மை அறியாமலே புகுந்துவிடுகின்றனர். இவ்வுண்மையைக் கொல்கத்தா நகரத்துக் கால்பந்துத் திடல்கள் நூறாண்டுகளாக உணர்த்தி வருகின்றன.

அந்நகரின் பெருங்கழகங்களுள் ஒன்றாகிய மோகன் பகான் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. 1911ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் நடைபெற்ற ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில், ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை அக்கழகம் இரண்டுக்கு ஒன்று என்னும் கோல் கணக்கில் வென்றது. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர். நாடு அடிமைப்பட்டிருந்த அந்நாளில், ஆள்வோரை அவர்தம் ஆட்டத்திலேயே வெல்லுதல் கூடும் என்னும் நம்பிக்கையை அவ்வெற்றி மக்கள் உள்ளத்தில் விதைத்தது.

மற்றொரு கழகமாகிய ஈஸ்ட் பெங்கால் 1920ஆம் ஆண்டில் தோன்றியது. கிழக்கு வங்கத்து ஆட்டக்காரர்கள் கொல்கத்தாவில் உரிய மதிப்புப் பெறவில்லை என்னும் மனக்குறையே அதனைத் தோற்றுவித்தது. 1947ஆம் ஆண்டில் நாடு பிரிவுற்றபோது, கிழக்கு வங்கத்தினின்றும் வீடும் நிலமும் இழந்து வந்த மக்கள் பெருந்தொகையினர் அந்நகரை அடைந்தனர். இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய கழகம் ஒன்று களத்தில் வெல்வதைக் கண்டபோது, அவர்கள் இழந்தது சிறிது மீண்டாற்போல் மகிழ்ந்தனர். இவ்வாறு, மேற்கு வங்கத்தில் வழிவழியாக வாழ்ந்தோர்க்கு மோகன் பகானும், கிழக்கினின்றும் வந்தோர்க்கு ஈஸ்ட் பெங்காலும் தம் குடிப்பெருமையின் சின்னங்களாயின. மோகன் பகான் வென்றால் இறாலும், ஈஸ்ட் பெங்கால் வென்றால் உல்லமீனும் சந்தையில் விலையேறும் என்று அந்நகரத்தார் நகைச்சுவையாகக் கூறுவர். ஆயினும், 1911ஆம் ஆண்டில் கேடயம் வென்ற மோகன் பகான் ஆட்டக்காரருள் பலர் கிழக்கு வங்கத்தை வேராகக் கொண்ட குடியினரே என்பதை எண்ணுமிடத்து, இப்பிரிவினை எத்துணை மெல்லிய கோட்டின்மேல் நிற்கின்றது என்பது புலனாகும்.

இவ்விரு கழகங்களும் ஆடும் ஆட்டத்தைக் காணத் திரளும் கூட்டத்துக்கு எல்லையில்லை. 1997ஆம் ஆண்டில் கூட்டமைப்புக் கோப்பையின் அரையிறுதியில் இவை மோதியபோது, சால்ட் லேக் திடலில் 1,31,000 பேருக்கு மேற்பட்டோர் கூடினர். 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் அதே திடலில் தூரந்துக் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. 1888ஆம் ஆண்டில் சிம்லாவில் தொடங்கப்பெற்ற அக்கோப்பை, ஆசியாவிலேயே மிகப் பழமை வாய்ந்த கால்பந்துப் போட்டிக்கு உரியது. அன்றுவரை இரு கழகங்களும் அதனைப் பதினாறு முறை வென்று சமநிலையில் நின்றன. அப்போட்டியின் முற்பகுதியில், ஆகஸ்டு 12ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் அடித்த ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால் வென்றிருந்தது. நான்காண்டுகளுக்கு மேலாக இம்மாற்றாரை வெல்ல இயலாதிருந்த அக்கழகத்துக்கு அவ்வெற்றி புத்துயிர் அளித்தது.

இறுதியாட்டத்தின் பிற்பாதியில் மோகன் பகான் ஆட்டக்காரர் ஒருவர் நடுவரால் வெளியேற்றப்பட்டார். பதின்மரே எஞ்சினர். அந்நிலையில் தளர்ந்து தற்காப்பை மட்டும் நாடாமல், அக்கழகம் முன்னேறி ஆடிற்று. 71ஆம் நிமிடத்தில் திமித்ரி பெட்ராடோஸ் என்பார் அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. அவ்வொரு கோலே வெற்றியை முடிவு செய்தது. மோகன் பகான் பதினேழாம் முறையாகக் கோப்பையைப் பெற்றது. மூன்று வாரங்களுக்குமுன் தோற்றவர் வென்றனர், வென்றவர் தோற்றனர். முன்னைத் தோல்வியின் நினைவே பதின்மரைப் பதினொருவரினும் வலியராக்கியது எனலாம். மாற்றான் வலியனாயிராவிடின் இவ்வலிமை எங்கிருந்து பிறக்கும்?

பண்டைத் தமிழர் போரினைப் பல திணைகளாக வகுத்தனர். பகைவர் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. மண்ணை விரும்பிப் படையெடுத்தல் வஞ்சி. ஆற்றலை நிலைநாட்டும் பொருட்டே இரு திறத்தாரும் எதிரெதிர் நின்று பொருதல் தும்பை. தும்பைப் போரில் இரு படையினரும் சூடும் பூ ஒன்றே. ஆட்டக்களமும் அத்தகையதே. அங்கே ஒருவர் பொருளை மற்றொருவர் கவர்தல் இல்லை. இரு திறத்தாரும் ஒரே விதிக்கு அடங்கி, ஒரே நடுவரின் சொல்லுக்குப் பணிந்து, ஒரே பந்தைத் தொடர்ந்து ஓடுகின்றனர். கொடியும் உடையும் நிறத்தால் வேறுபடினும், அவர்கள் சூடியிருப்பது ஒரே பூவென்பதை மறத்தல் ஆகாது.

மறந்தால் நேர்வது யாது? 1980ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், ஈடன் தோட்டத் திடலில் இவ்விரு கழகங்களும் நகர அணிகளுக்கான தொடர்ப் போட்டியில் ஆடின. களத்தில் ஆட்டக்காரர் இருவரிடையே மூண்ட மோதல், காண்போர் நடுவே தீயெனப் பரவியது. கற்கள் பறந்தன, கூட்டம் நெருக்குண்டு ஓடியது, ஆட்டம் காணச் சென்றோருள் பதினாறு பேர் உயிரிழந்தனர். அவர்களை வீட்டில் எதிர்நோக்கியிருந்த தாய்மார்க்கு, அன்று எக்கழகம் வென்றது என்னும் செய்தியால் யாது பயன்?

இத்தகைய கேடு விளையுமாயின் இவ்வாட்டங்களையே நிறுத்திவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். அது தகுதியான வழியன்று. அடுப்பில் தீப்பொறி தெறித்தது என்பதற்காக எவரும் சமையலைக் கைவிடுவதில்லை. தீயைக் காக்கக் கற்பதே அறிவுடைமை. மேலும், உயிரைப் பறித்த அப்பகையை ஆட்டக்களம் பெற்றெடுக்கவில்லை. மாற்றானை இழிவாகப் பேசும் நாவும், தோல்வியைத் தாங்காத நெஞ்சும் அதனை வெளியிலிருந்து சுமந்து வந்தன. இவ்விரு கழகங்களும் வெற்றி தோல்வி காணாமல் ஒரே கோப்பையைப் பகிர்ந்துகொண்டதும் உண்டு. 1978ஆம் ஆண்டில் கோயம்புத்தூரிலும், உயிர்கள் மாண்ட அதே 1980ஆம் ஆண்டில் கொல்கத்தாவிலும் நடைபெற்ற கூட்டமைப்புக் கோப்பைப் போட்டிகளில், இருவருமே வென்றோராக அறிவிக்கப்பட்டனர். பகிர்ந்ததால் எவர் பெருமையும் குன்றவில்லை.

கொல்கத்தா மக்கள் அத்துயரினின்றும் பாடம் கற்றனர் என்பதற்குச் சான்றுகள் உள. மாண்டோர் நினைவாக ஆகஸ்டு 16ஆம் நாளன்று கால்பந்து அன்பர்கள் குருதிக்கொடை அளிப்பதை வழக்கமாக்கினர். சிந்திய குருதிக்குப் பழியாக மேலும் குருதி சிந்தாமல், பிறர் உயிர் காக்க அதனை வழங்குதல் எத்துணை உயர்ந்த மறுமொழி!

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் பணியிலிருந்த இளம்பெண் மருத்துவர் கொலையுண்டார். நகரம் கொதித்தெழுந்தது. 18ஆம் நாள் நடைபெறவிருந்த இவ்விரு கழகங்களின் தூரந்துக் கோப்பை ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆயினும், இரு கழகத்து ஆதரவாளரும் சால்ட் லேக் திடலின் புறத்தே திரண்டனர். நூறாண்டுகளாக எதிரெதிர் நின்று முழங்கிய குரல்கள், அன்று ஒரு பெண்ணுக்கு நீதி வேண்டி ஒன்றாக முழங்கின. களத்தில் மாற்றாராயிருப்போர் அறத்துக்காக ஓரணியில் நிற்றல் இயலும் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். பகையாய்த் திரிந்த போட்டிக்கு இது கைகூடுமோ?

பள்ளிதோறும் ஆட்டங்கள் நிகழ்கின்றன. ஒரு வகுப்பு மற்றொரு வகுப்பையும், ஓர் ஊர்ப் பள்ளி மற்றோர் ஊர்ப் பள்ளியையும் எதிர்த்து ஆடுகின்றது. அங்கே ஆடும் இளைஞர் வெற்றியை முழு மனத்துடன் விரும்புதல் வேண்டும். அரைமனத்துடன் ஆடுதல் மாற்றானை அவமதித்தலேயாகும். ஆனால், நடுவரின் ஊதல் ஒலித்து ஆட்டம் முடிந்தவுடன், எதிர்நின்றவன் கையைப் பற்றுதல் வேண்டும். தன் ஆற்றலின் எல்லையைத் தனக்கு அளந்து காட்டியவன் அவனே. அவனை இகழ்வோன் தன் வெற்றியின் மதிப்பையே குறைத்துக்கொள்கின்றான். அவனை மதிப்போன் தோல்வியிலும் தாழ்வதில்லை.